சராசரி மட்டும் போட்டா பத்தாதுங்க ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

சோமனூர்ல இருந்து எழுதறனுங்க. உங்க பேப்பரை முப்பது வருசமா வாங்கற ஆளு, இதுக்கு முன்னாடி ஒரே ஒரு லெட்டர் தான் எழுதிருக்கேன், அதுவும் தெருவெளக்கு எரியலைன்னு. இப்ப எழுதறது வேற சமாச்சாரம். போன வாரம் மாவட்டப் பக்கத்துல ஒரு செய்தி போட்டிருந்தீங்க, நெனவாற்றல் பயிற்சிக்கு போன பசங்க கணக்குப் பாடத்துல சராசரி 76 மார்க்கு, போகாத பசங்க சராசரி 71 மார்க்கு, ஆகவே பயிற்சி பலன் தருதுன்னு நிரூபணம் ஆயிருச்சுன்னு. அந்த சென்டர் பேரை நான் சொல்ல வேண்டாமுங்க, செய்தியில இருந்ததே போதும். என்ற மருமக அதை கத்தரிச்சு பிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சுட்டு, ஏழாவது படிக்கற பேரனை இந்த ஞாயித்துக்கெழமையே சேத்தோணுங்கறா. பீஸ் எவ்வளவுன்னு கேட்டப்ப எனக்கு காபி பொரையேறிப் போச்சுங்க, ஆனா எனக்கு வெசனம் காசு மேல இல்ல, அந்த நிரூபணம்ங்கற வார்த்தை மேல தான்.

ஏன்னா நான் முப்பத்தி ரெண்டு வருசம் நூல் மில்லுல க்யூசி லேப்ல, அதாவது தரம் பாக்கற எடத்துல, இருந்தவனுங்க. சராசரியை வெச்சு யாரும் எங்களை ஏமாத்த முடியாது, சராசரிலயே எங்க பொழப்பு ஓடுச்சு. நாப்பதாம் நம்பர் நூல்னா 120 கெஜம் சுத்தி எடை போட்டு கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு சன்னம்ங்கற நம்பர், பாப்போம், ஒரு மிஷின்ல நாலு சாம்பிள் எடுத்தா 39.8, 40.1, 40.2, 39.9ன்னு வரும், சராசரி சுத்தமா 40. பக்கத்து மிஷின்ல எடுத்தா 37, 43, 38, 42, அதுவும் சராசரி 40 தானுங்க, கூட்டி வகுத்துப் பாருங்க. ஆனா அந்த ரெண்டாவது நூலை தறிக்கு அனுப்புனா நாலு மணி நேரத்துல தறிக்காரரு போன் பண்ணி எங்க குடும்பத்தையே விசாரிப்பாரு. அதனால மில்லுல சராசரியை மட்டும் யாரும் எழுத மாட்டாங்க, பக்கத்துலயே சிவி பர்சன்டேஜ் எழுதோணும், அதாவது அந்த நம்பருங்க நடுவுல இருந்து எவ்வளவு தூரம் அக்கட்ட இக்கட்ட ஓடுதுங்கற கணக்கு. அது இல்லாத ரிப்போர்ட்டை எங்க மேனேஜர் கையில வாங்கவே மாட்டாரு. ஒரு கோன் நூலுக்கு இவ்வளவு பாக்கறோம், கொழந்தைங்க மார்க்குக்கு ஒண்ணும் பாக்கலியேன்னு தான் இதை எழுதறேன்.

இதுல எனக்கு இன்னொரு சங்கதியும் தெரிஞ்சிருக்கறதுக்கு காரணம் என்ற தங்கச்சி மக. கோயமுத்தூர்ல சைக்காலஜி படிக்கறா, ரெண்டாம் வருசம். சைக்காலஜின்னா மனசுல இருக்கறதை கண்டுபுடிக்கற படிப்புன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க, அவ வந்து பாத்தா பாதி நேரம் கால்குலேட்டரும் கையுமா உக்காந்திருக்கா. போன பொங்கல் லீவுல இங்க வந்தப்ப ஒரு ப்ராக்டிக்கல் கொண்டாந்திருந்தா. விசயம் சிம்பிள் தானுங்க. இருவது வார்த்தை இருக்கற ஒரு லிஸ்ட்டை ரெண்டு நிமிசம் படிக்கோணும், அப்பறம் எத்தனை ஞாபகம் இருக்குதுன்னு எழுதோணும். எட்டு பேரு அமைதியா இருக்கற ரூம்ல படிச்சாங்க, இன்னொரு எட்டு பேரு சினிமா பாட்டு ஓடிட்டே இருக்கறப்ப படிச்சாங்க. யாரு எந்த ரூம்னு சீட்டு குலுக்கி தான் பிரிச்சாளாம்.

அமைதி ரூம்ல வந்தது 14, 11, 9, 13, 16, 10, 12, 11. பாட்டு ரூம்ல வந்தது 10, 12, 8, 13, 9, 11, 7, 10. முதலாவது சராசரி 12, ரெண்டாவது 10. நான் பாத்த ஒடனே சொல்லிட்டேன், அம்மிணி ரெண்டு வார்த்தை வித்தியாசம் வந்துருச்சல்லொ, பாட்டு கேட்டா படிப்பு ஏறாதுன்னு எழுதி முடிச்சுரு, போயி முறுக்கு சாப்புடுன்னு. அவ சிரிச்சுட்டே, இல்லீங் மாமா, பாட்டே இல்லாட்டி கூட இந்த ரெண்டு வார்த்தை வித்தியாசம் வந்திருக்குமா வராதான்னு மொதல்ல பாக்கோணும்ங்கறா. எனக்கு புரியல. பாட்டே இல்லாட்டி எப்படி பாட்டுனால வித்தியாசம் வரும்?

அதுக்கு அவ பண்ணுன வேலை தானுங்க இந்த லெட்டருக்கே காரணம். பதினாறு துண்டு சீட்டு எடுத்து பதினாறு மார்க்கையும் ஒவ்வொண்ணா எழுதி எங்கூட்டு பித்தளை சொம்புல போட்டா. இப்ப பாட்டுக்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு வெச்சுக்குங்க மாமா, அப்ப 14 எடுத்த புள்ள எந்த ரூம்ல உக்காந்திருந்தாலும் 14 தான் எடுத்திருக்கும், 7 எடுத்தவனும் அப்படித்தான், ரூம் பேருங்கறது சும்மா நெத்தியில ஒட்டுன ஸ்டிக்கர் மாதிரி. அப்படின்னா ஸ்டிக்கரை மாத்தி மாத்தி ஒட்டிப் பாக்கலாம். நல்லா குலுக்கி எட்டு சீட்டு எடுங்க, அது அமைதி, சொம்புல மிச்சம் இருக்கறது பாட்டு. சராசரி எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு பாருங்கன்னா. மொதல் தடவ அரை வார்த்தை வந்துச்சு. ரெண்டாவது தடவ ஒண்ணேகால், அதுவும் பாட்டு பக்கம் அதிகமா. மூணாவது தடவ வித்தியாசமே இல்ல. நாலாவது தடவ ரெண்டேகால் வந்துருச்சுங்க! சொம்புல பாட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் குலுக்கல் தான், ஆனா அவ நெசமா எடுத்த வித்தியாசத்தை விட பெருசா வந்துருச்சு.

அன்னைக்கு ரவைக்கும் மறுநாளும் ஒக்காந்து நூறு தடவ குலுக்குனோமுங்க. பொங்கலுக்கு வந்த ஒறம்பரை எல்லாம் இவிங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாத்துட்டு போனாங்க. ரெண்டு அல்லது ரெண்டுக்கு மேல வித்தியாசம் வந்தா, எந்தப் பக்கம் அதிகமா இருந்தாலும் சரி, என்ற சம்சாரம் ஒரு புளியங்கொட்டை தனியா எடுத்து வெக்கோணும். நூறு முடிஞ்சு எண்ணுனா பதினோரு கொட்டை. பதினாறு சீட்டுல எட்டு எடுக்கறதுக்கு மொத்தம் 12,870 விதம் இருக்குதாம், எல்லாத்தையும் கையில பண்ண முடியாது, லேப்டாப்ல போட்டுப் பாத்தா பத்துல ஒரு பங்கு சுத்தி தான் வருது, உங்க புளியங்கொட்டை கணக்கு சரி தாங் மாமான்னா.

ஆக ஒண்ணுமே நடக்காத எடத்துல கூட பத்து தடவைக்கு ஒருக்கா இந்த அளவு வித்தியாசம் தானா வரும். இதை வெச்சுட்டு பாட்டு தான் காரணம்னு எப்படி அடிச்சு சொல்றது? அவங்க படிப்புல வழக்கமா நூறுக்கு அஞ்சு, அதாவது 0.05க்கு கீழ வந்தாத்தான் வித்தியாசம் இருக்குதுன்னு ஒத்துக்குவாங்களாம். இந்த அஞ்சுங்கறது வேதத்துல எழுதுனது இல்ல, ரொனால்ட் ஃபிஷர்னு ஒரு இங்கிலாந்துக்காரரு 1925ல எழுதுன புத்தகத்துல வசதிக்காக ஒரு கோடு போட்டு வெச்சாரு, எல்லாரும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. அவரு அப்ப வேலை பாத்தது விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில ங்கறது எனக்கு புடிச்ச விசயம், சைக்காலஜிக்காரங்க பாதி கணக்கை காட்டுல இருந்து தான் எடுத்திருக்காங்க.

நான் இதுக்குள்ள எல்லாம் தெரிஞ்ச மாதிரி, அப்ப பாட்டு காரணமா இருக்கறதுக்கு நூத்துக்கு எண்பத்தி ஒம்போது வாய்ப்பு, அப்படித்தானன்னு கேட்டுட்டேன். அதுக்கும் கொட்டு வெச்சாளுங்க. நாம எண்ணுனது, ஒண்ணும் இல்லைன்னு வெச்சுக்கிட்டா இந்த மாதிரி வித்தியாசம் எத்தனை தடவ வரும்ங்கறதை. ஒண்ணும் இல்லாம இருக்கறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு நாம எண்ணவே இல்ல, அது வேற கேள்விங்கறா. மொதல்ல இது வார்த்தை வெளையாட்டு மாதிரி இருந்துச்சு, அப்பறம் யோசிச்சா சரி தானுங்க. மழை பேஞ்சா வாசல் நனையும், ஆனா வாசல் நனைஞ்சிருக்குதுன்னு மழைன்னு சொல்ல முடியாது, மருமக தண்ணி தெளிச்சிருப்பா.

சீட்டு குலுக்கறது புரியறதுக்கு தான், காலேஜ்ல டி டெஸ்ட்டுன்னு ஒண்ணு போடோணுமாம். அதைப் பாத்தப்ப எனக்கு பழைய லேப்புக்கே போன மாதிரி இருந்துச்சுங்க. ரெண்டு சராசரிக்கும் இருக்கற வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசம் சாதாரணமா எவ்வளவு ஆடும்ங்கற அளவால வகுக்கறது, அவ்வளவு தான். இங்க வித்தியாசம் 2. ஒவ்வொரு குரூப்புலயும் ஆளுக்கு ஆளு ஓடற ஓட்டம், ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னு சொல்றது, ரெண்டையும் ஒட்டுக்கா சேத்தா 2.14 சுமார். ஆனா எட்டு பேரோட சராசரி ஒரு ஆளோட மார்க்கு அளவுக்கு ஆடாது, அதனால ரெண்டை எட்டால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.5, அதால பெருக்குனா 1.07. ரெண்டை 1.07ஆல வகுத்தா 1.87. இது தான் டி. நூறுக்கு அஞ்சுங்கற கோட்டைத் தொட டி எவ்வளவு இருக்கோணும்னு ஒரு டேபிள் இருக்குது, அதுல பாத்தா பதினாறு ஆளுல ரெண்டு சராசரிக்கு ரெண்டைக் கழிச்சு பதினாலுன்னு இருக்கற வரிசையில 2.145ஐ தாண்டியிருக்கோணும். தாண்டல. நூறுக்கு எட்டுன்னு வருது. நம்ம புளியங்கொட்டை பதினொண்ணு, இது எட்டு, ரெண்டும் அஞ்சுக்கு மேல தான் நிக்குது.

இந்த டி யாரு கண்டுபுடிச்சதுன்னு கேட்டனுங்க, பதிலைக் கேட்டு அசந்துட்டேன். எந்த யுனிவர்சிட்டி வாத்தியாரும் இல்ல, அயர்லாந்து டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனியில வேலை பாத்த வில்லியம் காசெட்டுனு ஒருத்தரு. பார்லி, சரக்கு தரம் இதையெல்லாம் பாக்கறவரு, அதாவது நம்ம மாதிரி க்யூசி ஆளு தானுங்க! அவருக்கு ஆயிரக்கணக்குல சாம்பிள் எடுக்க வசதி இல்ல, நாலு அஞ்சு தான் கெடைக்கும், அவ்வளவு கொறைச்சலா எடுத்தா சராசரி மட்டும் இல்ல, ஓட்டத்தோட அளவே தப்பா வரும்னு அவரு தான் புடிச்சாரு. கம்பெனி சொந்தப் பேருல எழுத விடாததுனால 1908ல ஸ்டூடன்ட்டுன்னு புனைபேருல கட்டுரை போட்டாரு. இன்னைக்கும் ஸ்டூடன்ட் டின்னு தான் பேரு, பசங்க படிக்கறதுனால அந்தப் பேருன்னு என்ற தங்கச்சி மக கொஞ்ச நாள் நெனச்சுட்டு இருந்தாளாம். அதை விட ருசியான விசயம், அவரும் சீட்டு தான் குலுக்கிருக்காரு. ஜெயில் கைதிங்க மூவாயிரம் பேரோட ஒயரமும் நடுவெரல் நீளமும் எழுதுன அட்டைங்களை குலுக்கி, நாலு நாலா எடுத்து 750 கட்டா பிரிச்சு, தன்ற கணக்கு சரியான்னு சோதிச்சிருக்காரு. எங்க சொம்புல பதினாறு, அவருக்கு மூவாயிரம்.

நாலு அஞ்சு சாம்பிள்ல முடிவு எழுதி கையெழுத்துப் போட்டு லாரியில ஏத்தி விட்ட நாள் எனக்கும் உண்டுங்க. அதுல ஒண்ணு ரெண்டு திரும்பி வந்துச்சு. சரி அதை விடுங்க.

டேபிளை தாண்டலைன்னதும் நான் ஒரு யோசனை சொன்னனுங்க, நல்ல யோசனைன்னு நெனச்சுத்தான் சொன்னேன். இன்னும் ரெண்டு ரெண்டு பேரா சேத்து சேத்து பாத்துட்டே வா கண்ணு, எப்ப 0.05க்கு கீழ போகுதோ அப்ப நிறுத்திக்கன்னு. அவ மூஞ்சி மாறிப் போச்சு. அது தாங் மாமா ஏமாத்து வேலைங்கறா. ஏன்னா சும்மா ஆடற நம்பரை பாத்துட்டே இருந்தா எப்பவாச்சும் ஒருக்கா கோட்டுக்கு கீழ எறங்கும், எறங்குன நேரத்துல நிறுத்திட்டா அது நம்ம கண்டுபுடிப்பு இல்ல, நம்ம நிறுத்துன நேரம். தாயத்துல தாயம் விழுகற வரைக்கும் உருட்டிட்டு ஒரே தடவைல போட்டேன்னு சொல்ற மாதிரி. எத்தனை பேருன்னு மொதல்லயே எழுதி வெச்சுரோணும், அதுக்கப்பறம் தான் ஆரம்பிக்கோணும்.

இன்னொண்ணும் சொன்னா. டேபிளை தாண்டலைங்கறதுனால பாட்டுக்கு பாதிப்பு இல்லைன்னும் எழுதக் கூடாது. தெரியலைன்னு தான் எழுதோணும். எட்டு எட்டு பேரு வெச்சுட்டு பாத்தா நல்ல பெரிய வித்தியாசத்தைக் கூட கோட்டை விட்டுருவோம், இருட்டுல சின்ன டார்ச் அடிச்சு பாம்பு தெரியலைன்னா பாம்பு இல்லைன்னா அர்த்தம்?

லீவு முடிஞ்சு காலேஜ் போனதும் ரூமுக்கு 32 பேருன்னு முன்னாடியே எழுதி வாத்தியாருகிட்ட குடுத்துட்டு, பழைய ஆளுங்களை சேக்காம புது ஆளுங்களை வெச்சு திருப்பியும் பண்ணுனா. எட்டுக்கு நாலு மடங்கு. நாலு மடங்கு ஆளு சேத்தாத்தான் ஆட்டம் பாதியாகும், இதை மில்லுல நான் சொல்லி சொல்லி சலிச்சவன், சாம்பிளை ரெண்டு மடங்கு ஆக்குனா தப்பு பாதியாகிரும்னு நெனைக்கறவங்க இன்னும் இருக்காங்க. இந்தத் தடவ வித்தியாசம் ரெண்டு இல்லீங்க, 1.3 தான். எறங்கிப் போச்சு. ஆனா ஓட்டம் 2.2, ரெண்டை முப்பத்தி ரெண்டால வகுத்து மூலம் எடுத்தா கால், ஆக 0.55, டி 2.36. டேபிள்ல 2 இருந்தாலே போதும், தாண்டிருச்சு. பெரிய வித்தியாசமா இருந்தப்ப நம்ப முடியல, சின்னதானப்பறம் நம்பலாம்னு ஆகுது, இதை மருமகளுக்கு புரிய வெக்கறதுக்கு எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சுங்க. மொதல் தடவ வந்த ரெண்டுல கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருந்திருக்கும்.

இப்ப உங்க செய்திக்கு வாறனுங்க. 76க்கும் 71க்கும் அஞ்சு மார்க்கு வித்தியாசம். குரூப்புக்கு நாப்பது பசங்க, மார்க்கு ஓட்டம் 6ன்னு வெச்சா டி 3.7 வரும், நான் வாயை மூடிக்குவேன். அதே அஞ்சு மார்க்கு, குரூப்புக்கு பத்து பசங்க, ஓட்டம் 20ன்னு வெச்சா டி 0.56. அது சொம்புல எந்த நேரம் கைய விட்டாலும் வர்ற வித்தியாசம். ரெண்டுக்கும் உங்க தலைப்பு ஒண்ணே தான் வரும். எத்தனை பசங்கன்னு செய்தியில ஒரு எடத்துலயும் இல்ல, நான் கண்ணாடி போட்டுட்டு மூணு தடவ படிச்சேன்.

அதை விட பெரிய ஓட்டை ஒண்ணு இருக்குது, அதுக்கு டி டெஸ்ட்டும் மருந்து இல்ல. பயிற்சிக்கு போன பசங்க யாரு? பீஸ் கட்ட முடிஞ்ச ஊட்டு பசங்க, ஞாயித்துக்கெழமையும் வண்டியில கொண்டு போயி விடற அப்பனாத்தா இருக்கற பசங்க. போகாதவங்க யாரு? தறி ஓட்டறவங்க பசங்களும் பாதி அதுல இருக்கும். எங்க பெரியப்பா ஒருத்தரு இருந்தாருங்க, புது மஞ்சள் வெதையை கெணத்தோரம் தோட்டத்துல வெச்சு, பழசை மேட்டாங்காட்டுல போட்டுட்டு, புதுசு தான் ஒசத்தின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சாரு. ஒசத்தி வெதையா தண்ணியான்னு யாரும் கேக்கல, பெரிய மனுசன்கிட்ட எப்படி கேக்கறது. அதே காட்டை துண்டு துண்டா பிரிச்சு எந்தத் துண்டுல எந்த வெதைன்னு சீட்டு போட்டு முடிவு பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். ஃபிஷர் பண்ணைக்குள்ள உக்காந்து சொன்னதும் இதைத் தான். என்ற தங்கச்சி மக பதினாறு பேரை பிரிக்கறதுக்கே சீட்டு குலுக்குனா, அது சொம்புல குலுக்குன சீட்டு இல்ல, அதுக்கு முன்னாடி குலுக்குனது, அது இல்லாட்டி இது எல்லாம் வீண்.

சராசரியை பாத்து அரசாங்கமே ஏமாந்த கதை இருக்குதுங்க. 1993ல அமெரிக்காவுல காலேஜ் பசங்க 36 பேருக்கு பத்து நிமிசம் மோசார்ட்டுங்கற மேல்நாட்டு இசை மேதையோட சங்கீதம் போட்டு விட்டு ஒடனே ஒரு டெஸ்ட் வெச்சாங்க, பேப்பரை மடிச்சு வெட்டுனா எப்படி இருக்கும்ங்கற மாதிரி வடிவம் சம்பந்தப்பட்ட டெஸ்ட். ஐக்யூ கணக்குல எட்டு ஒம்போது பாயின்ட் அதிகம் வந்துச்சு. கால் மணி நேரத்துக்கு மேல அது நிக்கலைன்னு அவங்களே எழுதிருந்தாங்க. பேப்பர்காரங்க அதை எடுத்து, மன்னிக்கோணும் உங்களைச் சொல்லலை, மோசார்ட் கேட்டா புத்தி வளரும்னு போட்டுட்டாங்க. காலேஜ் பசங்களோட பத்து நிமிசம் கைக்கொழந்தையோட வாழ்க்கையா மாறிப் போச்சு. 1998ல ஜார்ஜியா மாநில கவர்னர், பொறக்கற ஒவ்வொரு கொழந்தைக்கும் சங்கீத கேசட்டோ சிடியோ குடுக்கறதுக்கு 1,05,000 டாலர் ஒதுக்கோணும்னு பட்ஜெட்ல கேட்டாரு. அப்பறம் நெறைய பேரு திருப்பி திருப்பி பண்ணிப் பாத்தாங்க, அந்த எட்டு ஒம்போது கரைஞ்சு போச்சு, மிச்சம் இருந்த கொஞ்சமும் புடிச்ச பாட்டு கேட்டா வர்ற சுறுசுறுப்புங்கற மாதிரி தான் நின்னுச்சு.

அது ஒண்ணு மட்டும் இல்ல. 2015ல சைக்காலஜி ஆராய்ச்சிங்க நூறை எடுத்து மறுபடியும் செஞ்சு பாத்தாங்க. மொதல்ல வந்தப்ப 97 பர்சன்ட் கோட்டைத் தாண்டுனதா இருந்துச்சு, மறுபடி செஞ்சப்ப 36 பர்சன்ட் தான் தாண்டுச்சு. எல்லாம் பொய்யின்னு இல்லீங்க, தாண்டுனதை மட்டும் அச்சுல ஏத்துனா இப்படித்தான் ஆகும். ஒண்ணுமே வித்தியாசம் இல்லாத இருவது விசயத்தை தனித்தனியா டெஸ்ட் பண்ணுனாலும் ஒண்ணாச்சும் 0.05க்கு கீழ எறங்கறதுக்கு நூத்துக்கு 64 வாய்ப்பு இருக்குது. அந்த பயிற்சிக்காரங்க கணக்குப் பாடத்துல மட்டும் சராசரி போட்டிருக்காங்க, தமிழ் எங்க, சயின்ஸ் எங்க, சமூக அறிவியல் எங்க? அஞ்சு பாடம் பாத்துட்டு ஒண்ணை எடுத்துக் காட்டுனாங்களா, ஒண்ணே ஒண்ணைத் தான் பாத்தாங்களா, எனக்கு எப்படித் தெரியும்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்குது, அதையும் சொல்லிடறேன், இல்லாட்டி நான் ஒரு பக்கமா பேசற மாதிரி ஆயிரும். பத்தாயிரம் பசங்களை வெச்சுப் பாத்தா, ஓட்டம் அதே 6ன்னா, அரை மார்க்கு வித்தியாசம் கூட டேபிளை தாண்டிரும், அதை வெச்சு நிரூபணம் ஆச்சுன்னு தலைப்பு போட்டா பொய்யும் இல்ல, ஆனா அரை மார்க்குக்கு யாரு பீஸ் கட்டுவாங்க? அதனால வித்தியாசத்தை ஆளுக்கு ஆளு ஓடற ஓட்டத்தோட வெச்சு பாக்கோணும்னு ஜேக்கப் கோஹென்னு ஒருத்தரு சொன்னாரு, 0.2 சின்னது, 0.5 நடுத்தரம், 0.8 பெருசுன்னு ஒரு சுமாரான அளவு. என்ற தங்கச்சி மகளோட ரெண்டாவது தடவ 1.3ஐ 2.2ஆல வகுத்தா 0.59. இதைச் சொன்னதுக்கப்பறம் எங்கூட்டுல பாட்டு போட்டுட்டு படிக்கறதை நிறுத்திட்டாங்களான்னு கேட்டீங்கன்னா, இல்லீங்க, பேரன் இப்பவும் காதுல அதை மாட்டிட்டு தான் கணக்கு போடறான்.

ஆசிரியர் அவர்களே, டி என்ன, டேபிள் என்னன்னு எல்லாம் பேப்பர்ல போடச் சொல்லலீங்க, அதைப் போட்டா நானே பக்கத்தைத் திருப்பிருவேன். சராசரி போடற எடத்துல எத்தனை பேரு, அந்த மார்க்கு எங்க இருந்து எங்க வரைக்கும் ஓடுது, யாரு எந்தக் குரூப்புன்னு யாரு பிரிச்சா, இதுக்கு ஒரு வரி போதும். ஒரு விளம்பரம் கொறைஞ்சா எடம் கெடைக்குமுங்க, அதே சென்டர் விளம்பரம் அதே நாள் நாலாம் பக்கத்துல இருந்துச்சுங்கறதையும் பாத்தேன், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல. அவங்ககிட்ட விசாரிச்சு ரெண்டு குரூப்பு மார்க்கு லிஸ்ட்டையும் வாங்கி அனுப்புனீங்கன்னா, பேரு எதுவும் வேண்டாம், வெறும் நம்பர் மட்டும் போதும், சொம்பு இன்னும் அட்டாலி மேல தான் இருக்குது, பொழுதோட ஒக்காந்து நானே குலுக்கிப் பாத்து எத்தனை கொட்டைன்னு எழுதி அனுப்பறேன். அது வரைக்கும் மருமக ஞாயித்துக்கெழமை பீஸ் கட்டறதை ஒரு வாரம் தள்ளி வெக்கறதா ஒத்துக்கிட்டிருக்கா, ஒரே ஒரு வாரம் தானுங்க, அதனால கொஞ்சம் சீக்கிரம் பாருங்க.

இப்படிக்கு,
ரிட்டையர்டு மில் க்யூசி ஆள்,
சோமனூர்.